எதிரணிக்கும் கற்பித்த ஆசான்

விளையாட்டு வீரன் ஒருவனின் பெருமையைச் சொல்ல வந்தால், அவன் வென்ற கேடயங்களை எண்ணிச் சொல்கிறோம். பயிற்றுவிப்பாளர் ஒருவரின் பெருமையைச் சொல்ல வந்தால் எதனை எண்ணுவது? கேடயம் மாணவனின் கைக்குப் போய்விடுகிறது. புகைப்படத்தில் மாணவன் நடுவே நிற்கிறான். ஆசான் ஓரத்தில் நிற்பார், பல வேளைகளில் படத்திலேயே இருக்கமாட்டார். அவர் வாழ்வு முழுவதும் மற்றொருவனுடைய கைக்கும் காலுக்கும் கண்ணுக்கும் பலமாகிக் கரைந்து போகிறது. ஆதலாற்றான் நல்ல பயிற்றுவிப்பாளரின் சரித்திரம் எளிதில் எழுதப்படுவதில்லை.

அத்தகைய ஒருவரைப் பற்றி இந்த வாரம் சிறிது சிந்திக்கலாம் என எண்ணுகிறோம். அவர் யப்பான் தேசத்தவர். இச்சிரோ ஒகிமூரா என்பது பெயர். விளையாட்டு, மேசைப்பந்து. பிங்பொங் என்று நம் பிள்ளைகள் செல்லமாகச் சொல்லும் அதே விளையாட்டுத்தான்.

1971 ஆம் ஆண்டு யப்பானிலுள்ள நாகோயா நகரில் உலக மேசைப்பந்துப் போட்டி நடைபெற்றது. ஆடவர் ஒற்றையர் இறுதியாட்டத்தில் ஒரு பக்கத்தில் நின்றவர் ஷிகேயோ இத்தோ. அவர் யப்பானியர், அதற்கு முந்திய 1969 ஆம் ஆண்டுப் போட்டியில் உலக சம்பியனானவர். மறு பக்கத்தில் நின்றவர் ஸ்டெலான் பெங்ட்சன் என்னும் சுவீடன் தேசத்து இளைஞர், வயது பதினெட்டு, இடக்கை ஆட்டக்காரர். இத்தோவின் சொந்த நாட்டிலே, சொந்த மக்களின் கண் முன்னே, அந்தப் பதினெட்டு வயது இளைஞர் வென்றார்.

இதில் வியப்பு என்னவெனில், பெங்ட்சன் யப்பானுக்கு வந்து ஒகிமூராவின் கண்காணிப்பிற் பயின்றவர். யப்பானியரின் வீழ்ச்சிக்குத் துணை நின்ற வித்தையை யப்பானியர் ஒருவரே கற்றுக் கொடுத்திருந்தார். இது நியாயமா? தன் நாட்டை எதிர்த்து ஆடப்போகும் ஒருவனுக்கு ஓர் ஆசான் தன் வித்தையைக் கொடுக்கலாமா? இந்தக் கேள்விக்கு விடை காண்பதற்கு முன், அவர் எதைக் கொடுத்தார் என்பதையும், அதனை எவ்வாறு தேடிக்கொண்டார் என்பதையும் அறிந்துகொள்ளல் வேண்டும்.

ஒன்பது அடி மேசை

மேசைப்பந்து மேசையின் நீளம் ஒன்பது அடி; அகலம் ஐந்து அடி. நடுவிலுள்ள வலையின் உயரம் ஆறு அங்குலம். பந்தின் நிறை மூன்று கிராம் கூட இல்லை, 2.7 கிராம் மாத்திரமே. மைதானம் வேண்டாம், புல்தரை வேண்டாம், மழை வந்தால் ஆட்டம் நிற்காது. அதனால் இதை வயது வந்தோரும் பிள்ளைகளும் மாலை வேளையிற் பொழுதைக் கழிக்கும் விளையாட்டென்று பலர் கருதுகின்றனர். அவ்வாறு ஆடுவதிலும் தவறில்லை.

ஆனால் தேர்ந்த இருவர் எதிரெதிரே நின்று ஆடுவதைப் பார்ப்பவர் இந்த எண்ணத்தை மாற்றிக்கொள்வர். பலமாக அடித்த பந்து ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு வர அரை வினாடிக்கும் குறைந்த நேரமே செல்கிறது. அதற்குள் எதிராளியின் மட்டை எத்திசையிற் திரும்பியது, பந்து முன்னோக்கிச் சுழல்கிறதா, பின்னோக்கிச் சுழல்கிறதா, எங்கே விழும், எவ்வளவு எழும் என்பவற்றையெல்லாம் கண்டு, காலை நகர்த்தி, உடலைத் திருப்பி, மட்டையைச் சரியான சரிவிற் பிடித்து அடித்துவிட வேண்டும். நூறு மீற்றர் ஓட்டம் ஓடிக்கொண்டே சதுரங்கம் ஆடுவது போன்றது இவ்விளையாட்டு என்னும் பொருள்பட ஒகிமூரா சொன்னதாக விளையாட்டு உலகில் இன்றும் வழங்கி வருகிறது.

அரை வினாடியில் எவராலும் ஆற அமர யோசிக்க முடியாது. ஆகவே யோசனையை முன்கூட்டியே செய்து முடித்து, அதை உடலுக்குள் வைத்துவிட வேண்டும். அதற்குப் பெயர்தான் பயிற்சி. ஒரே அடியை ஆயிரம் முறை அடிப்பது கையைப் பழக்குவதற்காக மாத்திரமன்று. அந்த அடியைப் பற்றி யோசிக்க வேண்டிய அவசியத்தையே நீக்குவதற்காக. கை தானாக இயங்கத் தொடங்கிய பின்னரே மனம் விடுதலை பெற்று, எதிராளியின் உள்ளக் கருத்தை ஆராய இயலும். வாய்ப்பாட்டை மனனஞ் செய்த பிள்ளை கணக்கின் போக்கைச் சிந்திக்கிறான். மனனஞ் செய்யாத பிள்ளை ஏழும் எட்டும் பெருக்கினால் எவ்வளவு என்பதிலேயே தடுமாறி நிற்கிறான். இரண்டும் ஒரே விதிதான்.

பதினாறு வயதில் ஒரு தொடக்கம்

ஒகிமூரா 1932 ஆம் ஆண்டு பிறந்தவர். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். தாயார் வேலைக்குப் போய் மகனை வளர்த்தார். போர் முடிந்து நாடே சாம்பலிலிருந்து எழ முயன்றுகொண்டிருந்த காலத்தில், உயர்தரப் பாடசாலை மாணவராக இருந்தபோது, பதினாறாவது வயதளவில் அவர் மேசைப்பந்து மட்டையைக் கையில் எடுத்தார். இன்று உலக அரங்கில் ஆடுவோர் பலர் ஐந்து ஆறு வயதிலேயே தொடங்கிவிடுகின்றனர். அந்தக் கணக்கிற் பார்த்தால் பதினாறு என்பது மிகவும் பிந்திய வயது.

தோக்கியோவை அடுத்த கிச்சிஜோஜி என்னும் இடத்தில் ஹிஸாயே உவெஹாரா என்னும் பெண்மணி சிறியதொரு மேசைப்பந்துக் கூடம் நடத்தி வந்தார். பாடசாலை முடிந்ததும் ஒகிமூரா அங்கே போவார். மற்றவர்கள் வீடு திரும்பிய பின்னரும் அவர் நிற்பார். அந்த அம்மையாரும் அவரைத் தம் வீட்டுப் பிள்ளைபோல் ஆதரித்து வந்தார். உலக சம்பியன் ஒருவரின் கதையிலே முதலில் வரும் பயிற்சிக் கூடம் அரசாங்கம் கட்டிய மாளிகையன்று. ஒரு பெண்ணின் பொறுமையால் நடந்த சிறு கூடமே என்பதை நம் தாய்மார் மனங்கொள்ளல் வேண்டும்.

அக்கூடத்தில் அவர் ஆடியதை விட உழைத்ததே அதிகம். மேசையருகே நின்று அடித்துப் பழகினால் மாத்திரம் போதாது, கால்கள் களைத்துவிட்டால் கை அறிந்த வித்தை பயன்படாது என்பதை அவர் விரைவில் உணர்ந்தார். ஆகவே ஓட்டம், துள்ளல், பளு தூக்கல் முதலிய தேகாப்பியாசங்களைத் தம் பயிற்சியோடு சேர்த்துக்கொண்டார். மேசைப்பந்துக்காரனுக்கு ஓட்டம் எதற்கு என்று மற்றவர் வியந்த காலம் அது.

தம்மைப் போலவே பிறரும் உழைக்க வேண்டுமென எதிர்பார்த்த கடுமையினால் அவர் சிலரின் மனத்தாங்கலையும் தேடிக்கொண்டார் என்பர். தன் முயற்சியில் முழுவதும் மூழ்கிய இளைஞனுக்குப் பக்கத்தில் நிற்பவனின் களைப்புத் தெரிவதில்லை. இது வீரர்கள் பலரிடம் உள்ள குறை. பயிற்றுவிப்பாளனாக மாற வேண்டியவன் முதலிற் கடக்க வேண்டிய படியும் இதுவே.

மட்டையும் மனிதனும்

1952 ஆம் ஆண்டு பம்பாயில் நடந்த உலகப் போட்டியில் ஹிரோஜி சாத்தோ என்னும் யப்பானியர் ஆடவர் ஒற்றையர் பட்டத்தை வென்று எல்லோரையும் திகைக்க வைத்தார். அவர் மட்டையில் ஒட்டியிருந்தது தடித்த ஸ்பொஞ். அதுவரை வழக்கிலிருந்த புள்ளி இறப்பர் மட்டையிற் பந்து பட்டால் ஓசை கேட்கும். அந்த ஓசையைக் கொண்டே எதிராளி அடியின் வேகத்தை மதிப்பிடுவான். ஸ்பொஞ்சிலே பந்து பட்டால் ஓசை அடங்கிவிடும். பந்து ஒரு கணம் உள்ளே அமிழ்ந்து, வில்லிலிருந்து விடுபட்ட அம்புபோலப் பாயும். ஐரோப்பாவின் பெரிய ஆட்டக்காரர்களுக்கு இது விளங்கவில்லை.

ஆயினும், சாத்தோ அதன் பின் உலக ஒற்றையர் பட்டத்தை மீண்டும் வெல்லவில்லை. புதிய கருவி முதல் நாளில் வெற்றி தரும். மறுநாள் எதிராளியும் அதனை வாங்கிக்கொள்வான், அன்றேல் அதற்கு மாற்றுக் கண்டுபிடிப்பான். 1959 ஆம் ஆண்டு சர்வதேச மேசைப்பந்துச் சம்மேளனம் மட்டையில் ஒட்டும் இறப்பரின் தடிப்புக்கு ஓர் எல்லை வகுத்தது. கருவியால் வரும் மேன்மை அவ்வளவிலேயே நின்றுவிடும்.

ஒகிமூராவின் கையிலும் ஸ்பொஞ் மட்டையே இருந்தது. ஆனால் அதன் வேகத்துக்கு ஈடான கால்களை அவர் பயிற்சியால் ஆக்கிக்கொண்டார். பேனாவைப் பிடிப்பதுபோல மட்டையைப் பிடித்து, மேசையின் எந்த மூலைக்குப் பந்து வந்தாலும் ஓடிச் சென்று வலப்புற அடியினாலேயே தாக்குவார். வெற்றிக்கு நூற்றில் 51 பங்கு வாய்ப்பு இருக்குமானால் தயங்காமல் அடிக்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை. இதைக் கேட்டவுடன் சூதாட்டம் போலத் தோன்றலாம். ஆனால் உள்ளே ஒரு கணக்கு உண்டு. அடிக்கத் தயங்குபவனுடைய அடி வளர்வதில்லை. 51 என்று துணிந்து அடிப்பவன், பயிற்சியினால் அதை 60 ஆக்கலாம், 70 ஆக்கலாம். முழு நம்பிக்கை வந்த பின்னர்தான் அடிப்பேன் என்று காத்திருப்பவனுக்கு அந்த நாள் வருவதேயில்லை.

1953 இல் அவர் யப்பானின் சம்பியனானார். அடுத்த ஆண்டு லண்டனில் உலகப் போட்டி. அங்கு செல்லும் செலவோ பெரிது. வீரர்களே பணத்தைத் தேடிக்கொள்ள வேண்டிய நிலை. கிச்சிஜோஜிக் கூடத்து நண்பர்கள் புகையிரத நிலையத்தில் நின்று, போவோர் வருவோரிடம் உண்டியல் ஏந்தினர். அந்தச் சில்லறைக் காசுகளோடு அவர் புறப்பட்டார்.

போர் முடிந்து ஒன்பது ஆண்டுகளே ஆகியிருந்தன. யப்பானியருக்கு லண்டனில் இன்முகம் காட்டுவோர் அதிகம் இருந்திருக்க முடியாது. ஆயினும் 1954 ஆம் ஆண்டு வெம்பிளி அரங்கில், இறுதியாட்டத்தில் சுவீடன் வீரர் டாகே பிளிஸ்பேர்க்கை வென்று, 21 வயதில் ஒகிமூரா உலக சம்பியனானார். மட்டை பிடித்து ஆறு ஆண்டுகளே ஆகியிருந்தன. 1956 இல் தோக்கியோவில் மீண்டும் ஒற்றையர் பட்டம். ஒற்றையர், இரட்டையர், கலப்பு இரட்டையர், அணி என எல்லாம் சேர்த்து அவர் வென்ற உலகப் பட்டங்கள் 12.

இத்துடன் கதை முடிந்திருந்தால் அவர் ஒரு பெரிய வீரர் என்று மாத்திரம் எழுதியிருப்போம்.

வடதுருவத்துக்கு அருகே ஒரு வகுப்பு

தாம் இன்னும் ஆடிக்கொண்டிருந்த காலத்திலேயே, 1959 ஆம் ஆண்டளவில், ஒகிமூரா சுவீடனுக்குச் சென்று அங்குள்ள இளைஞர்களுக்குப் பயிற்சி அளித்தார். பனி மூடிய அந்த நாட்டில் நீண்ட குளிர்காலத்துக்கு உகந்த விளையாட்டு மேசைப்பந்து. ஆனால் அவர்கள் எதிர்பார்த்தது மட்டைப் பிடியும் அடிகளின் நுட்பமும். இவர் சொன்னதோ முதலில் ஓடுங்கள் என்பது. ஓட்டம், துள்ளல், குந்தி எழுதல், பின்பு மேசை, மீண்டும் ஓட்டம். பலருக்கு இது கசந்தது. மனமுவந்து ஏற்றுக்கொண்டோருள் ஹன்ஸ் அல்சேர் என்னும் இளைஞர் முதன்மையானவர்.

அல்சேர் 1962 ஆம் ஆண்டு ஐரோப்பிய சம்பியனானார். 1967 இலும் 1969 இலும் ஷெல் யொஹான்சன் என்பவரோடு சேர்ந்து உலக இரட்டையர் பட்டத்தை வென்றார். அவரை அடுத்து வந்தவரே நாம் முதலிற் குறிப்பிட்ட பெங்ட்சன். 1973 ஆம் ஆண்டு சரயேவோ நகரில் சுவீடன் ஆடவர் அணி சீனாவை வென்று உலகக் கிண்ணத்தைப் பெற்றது.

இன்னொன்றையும் இங்கே குறிப்பிட வேண்டும். ஒகிமூரா பல்கலைக்கழகத்திற் திரைப்படக் கலை பயின்றவர். அந்தக் கல்வியைக் கொண்டு யப்பானியரின் ஆட்ட முறையைப் படமாகவும் ஆக்கினார். கால் எவ்வாறு நகர்கிறது, இடுப்பு எவ்வாறு திரும்புகிறது, மட்டை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைப் படத்திலே மெதுவாக ஓடவிட்டுப் பார்க்கலாம். மற்றொருவன் ஆண்டுக்கணக்கில் மறைத்து வைத்திருக்கக்கூடிய இரகசியம் அது. அதனை அவர் வெண்திரையில் விரித்துக் காட்டினார்.

பயிற்றுவிப்பாளரின் அன்றாட வேலை எத்தகையது என்பதைப் பார்வையாளர்கள் அறிவது அரிது. மேசையின் ஒரு பக்கத்தில் நின்று, கூடை நிறைந்த பந்துகளை ஒவ்வொன்றாக மாணவனுக்கு அனுப்ப வேண்டும். ஒன்று வலப்புறம், ஒன்று இடப்புறம், ஒன்று வலையோரம். நூறு பந்து முடிந்தால் இன்னொரு நூறு. மாணவன் தவறும்போதெல்லாம் திருத்தினால் அவன் மனம் ஒடிந்துபோவான். திருத்தாமல் விட்டால் தவறே பழக்கமாகிவிடும். பத்துத் தவறுகளில் இன்று எந்த ஒன்றைச் சொல்வது, எந்த ஒன்பதை நாளைக்கு விடுவது என்று தெரிவு செய்வதிலேதான் ஆசானின் அறிவு இருக்கிறது. மாணவன் ஓரடியை அடித்துப் பழகும்போது ஆசான் அதே பந்தை ஆயிரம் முறை அனுப்பிப் பழகுகிறார். வியர்வை இருவருக்கும் உண்டு, பட்டம் ஒருவருக்குத்தான்.

இழந்தவர் யார்?

இப்போது முதலில் எழுப்பிய கேள்விக்கு வருவோம். நாகோயாவில் யப்பானியர் தோற்றபோது, ஆசான் தன் நாட்டுக்குத் துரோகம் செய்தாரென ஒருவர் குறை கூறியிருந்தால் அதனை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. இழப்பு மெய்யானது. 1969 க்குப் பிறகு யப்பான் ஆடவர் அணிப் பட்டத்தை வெல்லவில்லை. 1977 க்குப் பிறகு யப்பானிய ஆடவர் எவரும் உலக ஒற்றையர் பட்டத்தைப் பெறவில்லை. உலகையே ஆண்ட நாடு பின்வரிசைக்குப் போயிற்று.

ஆனால் ஒகிமூரா கற்பிக்காதிருந்தால் யப்பான் முன்னணியில் நின்றிருக்குமா? நாம் அவ்வாறு எண்ணவில்லை. சீனர் தம் நாட்டின் பாடசாலைகளிலும் தொழிற்சாலைகளிலும் மேசைகளைப் பரப்பி, கோடிக்கணக்கானோரை ஆட வைத்திருந்தனர். 1959 இல் முதல் உலகப் பட்டத்தை வென்றவர்கள், 1961 இல் பீஜிங் நகரில் யப்பானின் தொடர்ச்சியான ஐந்து அணி வெற்றிகளுக்கு முடிவு கட்டினர். உலகம் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. பார்த்துக் கற்றுக்கொள்ளவும் செய்யும். இரகசியத்தைப் பூட்டி வைப்பவன் சில ஆண்டுகள் முன்னே நிற்கலாம். அதற்குள் அவன் வளர்வது நின்றுவிடும், ஏனெனில் அவனை வளர்க்கக்கூடிய எதிராளி இல்லாமற் போகிறான்.

மேசைப்பந்தின் இயல்பே இதற்குச் சான்று. தனியாக நின்று இவ்விளையாட்டை ஆட முடியாது. நமக்கு வரும் பந்தின் தரத்தை மீறி நம் ஆட்டம் உயர்வதில்லை. மறு பக்கத்தில் நிற்பவன் பலவீனனாயின் நாமும் பலவீனராகவே நிற்போம். எதிராளியைப் பலசாலியாக்குபவன் தன் விளையாட்டுக்கே பலம் சேர்க்கிறான்.

காலமும் இதனை மெய்ப்பித்தது. சுவீடன் வளர்ந்தது, 1989 இல் டோர்ட்முண்ட் நகரில் சீனாவை ஐந்துக்குப் பூச்சியம் என வென்றது. அந்தத் தோல்வியிலிருந்து சீனர் தம் முறையைத் திருத்திக்கொண்டனர். ஐரோப்பா முழுவதிலும் பயிற்சிக் கூடங்கள் பெருகின. பின்னாளில் ஜூன் மிசுத்தானி என்னும் யப்பானியச் சிறுவர், பதினான்கு வயதில் ஜேர்மனிக்குச் சென்று ஆண்டுக்கணக்காகப் பயின்றார். 2021 ஆம் ஆண்டு தோக்கியோவில் நடந்த ஒலிம்பிக் போட்டியில், மிமா இத்தோ என்னும் வீராங்கனையோடு சேர்ந்து, கலப்பு இரட்டையரிற் சீனரை வென்று, மேசைப்பந்தில் யப்பானின் முதலாவது ஒலிம்பிக் தங்கப் பதக்கத்தைப் பெற்றார். யப்பானியர் ஒருகாலத்தில் ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்ற வித்தை, அங்கே பலர் கையிற் பட்டுப் பெருகி, மீண்டும் ஒரு யப்பானியச் சிறுவனின் கைக்கு வந்து சேர்ந்தது. கிணற்று நீர் இறைக்க இறைக்க ஊறும் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர்.

ஒரு மேசை, இரு கொரியா

1987 ஆம் ஆண்டு ஒகிமூரா சர்வதேச மேசைப்பந்துச் சம்மேளனத்தின் தலைவரானார். அடுத்த ஆண்டிற் சியோல் ஒலிம்பிக் போட்டியில் மேசைப்பந்து முதன்முறையாக இடம்பெற்றது. ஆனால் அவர் மனம் வேறொன்றை நாடியது. வட கொரியாவும் தென் கொரியாவும் போரினாற் பிரிந்து, உறவினர் உறவினரைக் காண முடியாதிருந்தனர். இவ்விரு நாட்டு ஆட்டக்காரரையும் ஒரே அணியாக ஆட வைக்க வேண்டுமென அவர் முனைந்தார். அதற்காகத் தெற்குக்கு 20 முறையும் வடக்குக்கு 15 முறையும் சென்றார் என்பர்.

1991 ஆம் ஆண்டு யப்பானிலுள்ள சீபா நகரில் அது நிறைவேறியது. வெண்ணிறத் துணியில் நீல நிறக் கொரியத் தீபகற்பம் தீட்டிய கொடியின் கீழ் ஒரே அணி நின்றது. தெற்கின் ஹியூன் ஜுங் ஹுவாவும் வடக்கின் லீ புன் ஹூயியும் தோளோடு தோள் நின்று ஆடினர். பெண்கள் அணி இறுதியாட்டத்தில், 1975 முதல் எட்டு முறை தொடர்ந்து வென்றிருந்த சீனாவை மூன்றுக்கு இரண்டு என வென்றனர். போட்டி முடிந்ததும் இரு பெண்களும் தத்தம் நாட்டுக்குத் திரும்ப நேர்ந்தது. எல்லை அப்படியே இருந்தது. ஆயினும், ஒரே மேசையில் ஒரே பக்கத்தில் நின்று ஒரு தடவையேனும் ஆடினார்கள் என்பதை எவராலும் அழித்துவிட முடியாது.

1994 ஆம் ஆண்டு டிசெம்பரில், 62 வயதில், ஒகிமூரா காலமானார்.

நமது வீடுகளிலும் பாடசாலைகளிலும்

மாணவ நண்பர்களே, பரீட்சைக் காலம் நெருங்கும்போது நம் பாடசாலைகளில் நடப்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். நல்ல குறிப்புப் புத்தகம் வைத்திருப்பவன் அதைப் பிறர் கண்ணிற் படாமல் மறைக்கிறான். நேற்று விளங்கிய கணக்கை இன்று பக்கத்து மேசைக்காரன் கேட்டால், தெரியாது என்று தலையை ஆட்டுகிறான். பல்கலைக்கழகத்துக்குப் போகும் இடங்கள் குறைவு, போட்டி கடுமை என்பது உண்மை. அந்த அச்சத்தை நாம் இகழவில்லை. ஆனால் ஒரு கணக்கை மற்றொருவனுக்கு விளக்கிச் சொல்லும்போதுதான் அது நமக்கு முற்றாக விளங்குகிறது என்பதைச் செய்து பார்த்தவர் அறிவர். கற்பித்த பின் ஒகிமூரா தாம் அறிந்ததை மறந்துவிடவில்லை. சுவீடனிற் கற்பித்த பின்னரும் அவர் 1961 இல் கலப்பு இரட்டையர் உலகப் பட்டத்தை வென்றார்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை பந்தயத்தில் வென்று வந்தால் கொண்டாடுகிறோம். தோற்று வந்தால் அவனைப் பயிற்றிய ஆசிரியரைக் குறை சொல்கிறோம். மாலைதோறும் தம் வீட்டு அலுவலை ஒதுக்கிவிட்டு, மங்கிய விளக்கொளியில் நம் பிள்ளைகளுக்குப் பந்து போட்டுக்கொண்டிருக்கும் ஆசிரியர்கள் நம் ஊர்களிலும் உளர். சம்பளத்துக்காக அதைச் செய்பவர் சிலர். சம்பளமின்றிச் செய்பவர் பலர். அவர்களுடைய பெயர் பத்திரிகையில் வருவதில்லை. உவெஹாரா அம்மையாரைப் போலக் கூடத்தைக் கூட்டித் துடைத்துத் திறந்து வைப்போரும் உளர். அவர்களுக்கு நன்றி கூற ஒரு வெற்றி விழாவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

சீபாவில் அந்தக் கொரியப் பெண்கள் வென்ற அதே 1991 ஆம் ஆண்டிலே, ஆடவர் அணிப் பட்டத்தை வென்றது எந்த நாடு தெரியுமா? சுவீடன். யப்பானிய மண்ணில், யப்பானியர் ஒருவர் சம்மேளனத் தலைவராக வீற்றிருக்க, அவர் மூன்று தசாப்தங்களுக்கு முன் விதைத்த நாடு மீண்டும் வென்றது. மூன்று தசாப்தங்களுக்கு முன் ஓடுங்கள் என்று தாம் சொன்ன வார்த்தை எத்தனை தலைமுறைக் கால்களில் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதைத் தம் கண்ணாலேயே காணும் பேறு அவருக்குக் கிடைத்தது. ஆசான் ஒருவருக்கு அதனினும் பெரிய கேடயம் இல்லை.